தூளைப் பார்த்து போல்ட் வாங்கு: கான்கிரீட்டில் கொக்கி, பிராக்கெட், ஷீட் மாட்ட ஒரு வழிகாட்டி

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஆங்கர் போல்ட் விற்பனை ஏறும். செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. சாரல் தொடங்குவதற்குள் வாசலுக்கு மேல் ஒரு தகர ஷீட் இறக்கிவிட வேண்டும் என்று உள்ளூர் ஆட்கள் வருவார்கள். கணவாயைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலைக்காரர்களும் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, நல்ல போல்ட்டா நாலு கொடுங்க.” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: எந்தச் சுவர்? அதற்கு வரும் பதில் பெரும்பாலும், “சுவருதான் அண்ணாச்சி, வீட்டுச் சுவரு.”

புதிதாக இந்த வேலையில் கை வைப்பவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஆன்லைனில் ஒரு டிரில்லிங் மெஷின் வந்துவிடும். அதோடு வந்த பிட்டுகளில் கைக்குச் சிக்கியதை மாட்டி ஓட்டை போட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த ஓட்டையின் அளவை விரலால் காட்டிக்கொண்டு கடைக்கு வருவார்கள், அதற்குப் பொருந்துகிற போல்ட் கேட்டு. வரிசை இதற்கு நேர் எதிர். சுவர் எது, அதில் தொங்கப்போகும் எடை எவ்வளவு, எடைக்கு ஏற்ற ஃபாஸ்னர் (பிளக், போல்ட் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்), ஃபாஸ்னருக்கு ஏற்ற பிட்டு, பிட்டுக்கு ஏற்ற மெஷின். மெஷின் கடைசியில்தான் வருகிறது. நாலு ஓட்டைக்கு அதை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

சுவர் எது?

நம் வீடுகளில் கான்கிரீட் என்று நம்பிச் சொல்லக்கூடியவை தூண், பீம், லிண்டில் (கதவு, ஜன்னலுக்கு மேல் குறுக்கே போகும் கட்டை), சன்ஷேடு, மேல்தளம். இவற்றுக்கு நடுவில் அடைத்திருப்பது செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ. எல்லாவற்றுக்கும் மேல் ஒரே பூச்சு, ஒரே பெயின்ட். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் முதல் வேலை ஒரு சோதனை ஓட்டை. 6 மி.மீ. பிட்டைப் போட்டு, பிராக்கெட்டுக்குப் பின்னால் மறையப்போகிற இடத்தில் மெதுவாகத் துளையுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க யாரையாவது நிறுத்துங்கள். முதலில் மணல் மணலாகத் தூள் கொட்டும், பிட்டு தடையில்லாமல் போகும். அது பூச்சு. பிறகு நிறம் மாறும். செந்தூள் வந்தால் செங்கல். பிட்டு முன்னேறத் தயங்கி, கோதுமை மாவு போல நைசான சாம்பல் தூள் விழுந்தால் கான்கிரீட். சாம்பல் தூள் கொஞ்சம் வந்துவிட்டு, பிட்டு சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்கின் பொந்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் செம்மஞ்சளாக, லேசான ஈரத்தோடு பிட்டின் வரிகளில் அப்பிக்கொண்டு வரும். அது வெட்டுக்கல்.

அந்தத் தாளில் இருக்கும் தூள்தான் நீங்கள் கடைக்குக் கொண்டுவர வேண்டிய சீட்டு. பொந்தில்லாத சாம்பல் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாமும் உங்களுக்கு. செங்கல் என்றால் நீளமான நைலான் பிளக் (ஓட்டைக்குள் செருகி ஸ்க்ரூ ஏற்றினால் விரிகிற உறை) வரைக்கும் போகலாம். விரியும் இரும்பு போல்ட்டை முறுக்கினால் செங்கல் பிளக்கும். வெட்டுக்கல்லிலும் அப்படித்தான், அது இன்னும் மெத்தென்று இருக்கும், ஹேமர் போடாமல் சும்மா சுற்றவிட்டே துளைக்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. அந்தச் சுவர்களில் கனமான எதையும் மாட்டாதீர்கள். தரையில் நிற்கிற மாதிரி ஏதாவது செய்துகொள்ளுங்கள்.

பூச்சு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுவரில் பூச்சு 12 முதல் 15 மி.மீ. இருக்கும். அது எந்த எடையையும் பிடிக்காது. கணக்கில் அது காற்று மாதிரி. என் முதல் வேலை மதினி வீட்டுச் சமையலறை அலமாரி. 25 மி.மீ. பிளக், 25 மி.மீ. ஸ்க்ரூ. பாதிக்கு மேல் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது எனக்குத் தெரியவில்லை. கார்த்திகைக்குப் பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்து அடுக்கிய அன்று ராத்திரி, அலமாரி தட்டு அளவுக்குப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு இறங்கியது. மதினி இன்றுவரை விருந்தாளிகளிடம் அந்த நசுங்கிய குத்துப்போணியைக் காட்டாமல் விடுவதில்லை.

எடை எந்தப் பக்கம் இழுக்கிறது?

எத்தனை கிலோ என்பதோடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் பாருங்கள். சுவரில் மாட்டிய கண்ணாடி போல்ட்டைக் கீழ்நோக்கி வெட்டப் பார்க்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் அலமாரி, மேல் போல்ட்டை வெளியே உருவப் பார்க்கும். கூரையில் தொங்குவது நேராகக் கீழே இழுக்கும். வெட்டுவதைவிட உருவுவது மோசம். காரணம் கான்கிரீட்டின் குணம். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வீட்டு வேலைக்குப் போடும் எம்20 கான்கிரீட் என்றால், 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்க வேண்டும். கிட்டத்தட்டச் சதுர செ.மீ.க்கு 200 கிலோ. இழுவையில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த 28 நாளையும் மறக்க வேண்டாம். போன வாரம் சென்டரிங் பிரித்த பீமில் இந்த வாரம் விரியும் போல்ட் அடிக்கக் கூடாது.

போல்ட்டை உருவினால் அது மட்டும் தனியாக வராது. ஒரு புனல் வடிவக் கான்கிரீட் துண்டையும் பிய்த்துக்கொண்டு வரும். போல்ட் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்தப் புனலின் வாய் ஓட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அதைப் போல ஒன்றரை மடங்கு விரியும். இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு விதி தானாக வந்துவிடும். கான்கிரீட்டின் விளிம்பிலிருந்து ஆழத்தில் ஒன்றரை மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் ஆழத்தைப் போல மூன்று மடங்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு புனலும் ஒன்றோடொன்று வெட்டிக்கொண்டு, நீங்கள் இரண்டு போல்ட் என்று நினைப்பது ஒன்றரை போல்ட்டாகத்தான் வேலை செய்யும்.

விளிம்பு விஷயம் எனக்கு மொட்டைமாடியில் புரிந்தது. கொடிக்கம்பிக்கு ஒரு கொக்கி, கான்கிரீட் கைப்பிடிச் சுவரின் ஓரத்திலிருந்து இரண்டு விரல்கட்டை தள்ளி, பெரிய போல்ட்டாகப் போட்டால் பலமாக இருக்கும் என்று 12 மி.மீ. அடித்தேன். ஸ்பேனரைக் கடைசியாக ஒரு சுற்று சுற்றியதும் மூலை அப்படியே கேக் துண்டு மாதிரி விழுந்தது. அங்கே 6 மி.மீ. போல்ட் ஒன்றை நடுவில் போட்டிருந்தால் நின்றிருக்கும்.

ஆடும் எடை, அதிரும் எடை தனி ரகம். ஓணத்துக்கு ஊஞ்சல் கட்டக் கொக்கி கேட்டு வருபவர்கள் 70 கிலோ ஆளுக்கு 70 கிலோ என்று கணக்குப் போடுவார்கள். ஊஞ்சல் நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை வரை உயர்ந்து ஆடினால், அடியில் வரும்போது கயிற்றில் இழுவை இரட்டிப்பாகிவிடும். 140 கிலோ, அதுவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முறை. ஊஞ்சலுக்கு நான் விரியும் போல்ட் கொடுப்பதே இல்லை. தளத்தைத் துளைத்து மேலே தகடு வைத்து நட் போடலாம், அல்லது பீமைச் சுற்றிக் கிளாம்ப் போடலாம். தளத்தைத் துளைத்தால் சாரலுக்கு ஒழுகும் என்பதால் கிளாம்ப்தான் என் தேர்வு.

பிளக்கா, போல்ட்டா?

சின்ன எடைக்கு நைலான் பிளக் போதும். நாம் வாய்க்கு வந்தபடி ரால் பிளக் என்று சொல்வது ஓர் ஆளின் பெயர். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர், பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவரைச் சிதைக்காமல் மின்சார ஃபிட்டிங் மாட்டுவதற்காகச் சணல் நாரை ஒட்டிச் சுருட்டி 1911-ல் கொண்டுவந்தது அது. இப்போதைய நைலான் வடிவம் 1958-ல் ஜெர்மனியின் ஆர்த்தர் ஃபிஷர் செய்தது. அதற்கு முன் நம் ஊரில் மரக்கட்டையைச் செதுக்கிச் சுவரில் அடித்துவைத்தார்கள். சாரல் ஈரத்தில் கட்டை ஊதிச் சுருங்கி, இரண்டு மூன்று வருஷத்தில் ஆணி ஆட ஆரம்பிக்கும். வேறு வழியில்லாத காலத்து ஏற்பாடு, விட்டுவிடுங்கள்.

பிளக்கில் அளவுப் பொருத்தம்தான் எல்லாம். 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட்டு, 4 முதல் 5 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ. 8 மி.மீ. பிளக்குக்கு 8 பிட்டு, 5 முதல் 6 மி.மீ. ஸ்க்ரூ. ஸ்க்ரூ மெலிந்திருந்தால் பிளக் விரியாது, கையால் இழுத்தாலே வந்துவிடும். நீளத்துக்கு ஒரு கூட்டல்: மாட்டும் பொருளின் தடிமன், பூச்சு, பிளக்கின் நீளம், ஸ்க்ரூவின் தடிமன், எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஸ்க்ரூவின் முனை பிளக்கின் மறுபக்கம் எட்டிப் பார்த்தால்தான் பிளக் முழுக்க விரிந்திருக்கிறது. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் ஒன்று பரவிவிட்டது. அது கடினமானது, ஆனால் வளையத் தெரியாதது. எடை ஆடினால் தலை பட்டென்று தனியே போய்விடும். துருவும் சீக்கிரம் ஏறும்.

கொஞ்சம் கனமானதற்கு ஸ்லீவ் ஆங்கர். போல்ட்டைச் சுற்றி ஒரு தகட்டுக் குழாய், அடியில் கூம்பு. நட்டை முறுக்கினால் கூம்பு மேலேறிக் குழாயை விரிக்கும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். பெட்டியில் 10 × 80 என்று போட்டிருந்தால் 10 என்பது குழாயின் வெளி அளவு. உள்ளே இருக்கும் போல்ட் 8 மி.மீ.தான். பிட்டு 10. ஆனால் நாலு இதழாகப் பிளந்த தடித்த கூட்டோடு வருகிற ரகம் உண்டு, சிலர் புல்லட் ஃபாஸ்னர் என்பார்கள். அதில் 8 என்றால் போல்ட்டின் அளவு, ஓட்டை 14 மி.மீ. போட வேண்டியிருக்கும். குழாயே இல்லாமல் போல்ட்டின் வாலில் மட்டும் ஒரு சின்ன வளையம் உள்ள வெட்ஜ் ஆங்கரில் போல்ட்டும் ஓட்டையும் ஒரே அளவு. பழைய கொத்தனார்கள் நூல் கணக்கில் கேட்பார்கள், அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் என்றால் ஒன்பதரை மி.மீ., பக்கத்தில் 10. அந்த அரை மி.மீ. மரத்தில் பொருட்டில்லை, கான்கிரீட்டில் உண்டு. பெயரை நம்பாமல், ஃபாஸ்னரையும் பிட்டையும் கடையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கெமிக்கல் ஆங்கர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டைக்குள் பசையை நிரப்பி, மரை உள்ள கம்பியைச் செருகுவது. விரிந்து தள்ளாது என்பதால் விளிம்புக்குப் பக்கத்திலும், வலைக்குழாய் போட்டு வெட்டுக்கல், ஹாலோ பிளாக்கிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஓட்டைக்குள் தூள் இருந்தால் பசை தூளோடு ஒட்டும், சுவரோடு ஒட்டாது. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுக்காத ஓட்டையில் அது வீண் செலவு. தலைக்கு மேல் நிரந்தரமாகத் தொங்கும் எடைக்கு வீட்டில் நீங்களாக இதைப் போடாதீர்கள். 2006-ல் பாஸ்டனில் ஒரு சுரங்கச் சாலையின் கூரைப் பலகை கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். மேலே பிடித்திருந்த பசை, தொடர் இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக இளகி நழுவியிருந்தது. 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் பசை வைத்த போல்ட்டுகள் விட்டு, கூரைப் பலகைகள் சரிந்து 9 பேர் போனார்கள். இரண்டும் பெரிய இன்ஜினியர்கள் செய்த வேலை.

மெஷினும் பிட்டும்

சாதாரண டிரில்லிலும் சுத்தியல் படம் போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் இரண்டு பல் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சின்னச் சின்ன அடி கொடுக்கும். நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவுதான் அடி. செங்கல்லுக்கு அது போதும். கான்கிரீட்டில் 6 மி.மீ. ஓட்டை இரண்டு மூன்று போடலாம், அதற்குமேல் தோள் வலிக்கும், பிட்டு சிவக்கும், முனை மழுங்கும்.

ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளி, அது பிட்டின் வாலில் அடிக்கும். 26 மி.மீ. ஹேமர் என்று கடையில் சொல்கிற ரகத்தில் ஓர் அடிக்கு 2 முதல் 3 ஜூல் வரை வரும். நீங்கள் தள்ள வேண்டியதில்லை. தள்ளினால் வேகம் குறையத்தான் செய்யும். நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இதற்கான பிட்டின் வாலில் பள்ளங்கள் வெட்டியிருக்கும், எஸ்.டி.எஸ். பிளஸ் என்று பெயர். சாவி போட்டு இறுக்க வேண்டாம், ‘கிளிக்’கென்று உள்ளே போகும். மாட்டிய பிறகும் பிட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும். ரிப்பேர் என்று நினைத்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்த ஆட்டத்தில்தான் அது அடியை வாங்குகிறது. வாலில் ஒரு சொட்டு கிரீஸ் வையுங்கள்.

பிட்டு உள்ளே போகவே மாட்டேன் என்கிறதா? மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ரிவர்ஸ் சுவிட்சைப் பாருங்கள். பத்தில் நாலு பேர் மெஷினைத் தலைகீழாகச் சுற்றவிட்டுத்தான் சுவரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பக்கக் கைப்பிடியைக் கழற்றி வீசிவிட்டு வேலை செய்யாதீர்கள். பிட்டு கம்பியில் சிக்கிக்கொண்டால் மெஷின் உங்கள் மணிக்கட்டைச் சுற்றும். தொளதொள கையுறையும் ஆகாது. கண்ணாடி, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு என்95 மாஸ்க் மூன்றும் வேண்டும். கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். தலைக்கு மேல் துளைக்கும்போது ஒரு பேப்பர் டம்ளரின் அடியில் பிட்டைக் குத்திக்கொண்டால் பாதித் தூள் அதற்குள்ளேயே விழும்.

ஒரு ஷீட் சட்டம், தொடக்கத்திலிருந்து

இனி ஒரு வேலையை முழுதாகப் பார்ப்போம். வாசலுக்கு மேல் ஷீட் இறக்க ஆங்கிள் சட்டம் மாட்ட வேண்டும். சட்டத்தையும் ஷீட்டையும் சேர்த்து 25 கிலோ இருக்கலாம், அது பெரிய விஷயமில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்று ஷீட்டுக்கு அடியில் புகுந்து தூக்கும். அந்த இழுவைக்குத்தான் நாம் போல்ட் போடுகிறோம்.

சட்டத்தை வாசலுக்கு மேல் இருக்கும் லிண்டிலில் பிடிக்கலாம். லிண்டிலின் உயரம் பொதுவாக 6 அங்குலம், அதாவது 150 மி.மீ. மேலேயும் கீழேயும் ஓரத்தை ஒட்டிக் கம்பி ஓடும். சரியாக நடுவில் குறி வைத்தால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 75 மி.மீ. கிடைக்கும். போல்ட்டை 50 மி.மீ. ஆழத்தில் வைத்தால், ஒன்றரை மடங்கு கணக்கில் அதே 75. நடுக்கோட்டில் படுக்கைக் கம்பியும் கிடையாது, சுற்று ரிங் மட்டும் ஒரு சாணுக்கு ஒன்று குறுக்கே வரலாம். 6 அங்குல லிண்டில் நமக்காகவே அளந்து போட்ட மாதிரி. ஒரு நூல்கூட மேலேயோ கீழேயோ போகாதீர்கள்.

போல்ட்டின் நீளம்: கான்கிரீட்டுக்குள் 50, பூச்சு 15, ஆங்கிளின் தடிமன் 5, வாஷரும் நட்டும் 10. மொத்தம் 80. ஆக 10 × 80 ஸ்லீவ் ஆங்கர், 10 மி.மீ. பிட்டு. விலை குறைவு என்று 50 மி.மீ. நீளம் வாங்கியவர்களின் சட்டம் கான்கிரீட்டை 20 மி.மீ.தான் கடித்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ ஷீட் இப்படித்தான் பறக்கிறது.

ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். போல்ட்டுக்குப் போல்ட் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வாசல் அகலத்துக்கு இரண்டடிக்கு ஒன்று வைப்பேன். வாசல் விளக்கின் சுவிட்சு, பெல் இவற்றுக்கு நேர் மேலே ஒயர் ஏறியிருக்கும், அந்தச் செங்குத்துப் பாதையை விட்டு ஒரு சாண் தள்ளிப் போங்கள். ஓட்டை போடும்போது மெயினை அணைக்க முடியாது, மெஷினுக்கு மின்சாரம் வேண்டுமே. எதிர் அறையிலிருந்து வயர் இழுத்து, இந்தப் பக்கத்து எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவையுங்கள்.

பிட்டில் முனையிலிருந்து 75 மி.மீ. தள்ளி ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். பூச்சு 15, போல்ட் 50, தூள் தங்க 10. முதல் சில விநாடி ஹேமர் இல்லாமல் மெதுவாகச் சுற்றவிட்டு ஒரு குழி வரவழையுங்கள், அப்புறம் ஹேமருக்கு மாறுங்கள். சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏணியில் நிற்பவருக்கு எல்லாம் நேராகத்தான் தெரியும். இடையிடையே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிடுங்கள்.

கம்பியில் பட்டால் உடனே தெரியும். ‘டர்ர்’ என்று கனமாக இருந்த சத்தம் ‘கிணிங்’கென்று மாறும், பிட்டு துள்ளும், தூள் வருவது நின்றுவிடும். நிறுத்துங்கள். கம்பியை வெட்டி வழி பண்ணலாம் என்று நினைக்க வேண்டாம். அது வீட்டின் எலும்பு, பிட்டின் முனைக்கும் கேடு. ஓட்டையின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு பக்கவாட்டில் தள்ளிப் போய் வேறு ஓட்டை போடுங்கள். பழையதைச் சுருங்காத கிரவுட் கொண்டு அடையுங்கள், சிமென்ட் பாலைத் தடவிவிட்டு வராதீர்கள்.

ஓட்டை தயார். இனி சைக்கிள் பம்பு. வாயால் ஊதினால் எல்லாம் கண்ணுக்குத்தான் வரும். பம்பின் ரப்பர் குழாயை ஓட்டையின் அடிவரை விட்டு நாலு அடி, பாட்டில் கழுவும் சின்ன பிரஷ் போட்டு ஒரு சுற்று, மறுபடி நாலு அடி. சட்டத்தைத் தூக்கி வைத்து, போல்ட்டை ஆங்கிளின் ஓட்டை வழியாகவே செருகி, சுத்தியலால் தட்டுங்கள். நட்டை மரையின் நுனியோடு மட்டமாக ஏற்றிவைத்துத் தட்டினால் மரை நசுங்காது. போல்ட் கையால் தள்ளியே உள்ளே போகிறது என்றால் ஓட்டை பெரிது. தட்டித் தட்டித்தான் போக வேண்டும்.

எல்லா நட்டையும் விரலால் பிடித்த பிறகு ஸ்பேனர். 10 மி.மீ. ஸ்லீவுக்கு 13-ம் நம்பர் பொருந்தும். மூன்று நாலு சுற்றில் பிடிப்பு ஏறுவது கைக்குத் தெரியும். தெரிந்ததும் ஒரு கையால் நன்றாக இறுக்கிவிட்டு நிறுத்துங்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி நெம்புவது வேண்டாம். சுற்றச் சுற்ற நட் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. அந்த ஓட்டை போனது. பேப்பரைச் சுருட்டி வைத்து, ஆணியைச் செருகி, அதை ஒப்பேற்றுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த அளவுக்குப் பெரிதாக்க முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். கடைசியில் ஆங்கிளின் மேல் விளிம்பில் சிலிக்கான் பூசினால் தண்ணீர் ஓட்டைக்குள் இறங்காது.

டைல்ஸும் ஃபேனும்

டைல்ஸில் ஹேமரைத் தொடவே கூடாது. டேப் ஒட்டி, வேல் முனை பிட்டாலோ டைமண்டு பிட்டாலோ மெதுவாக டைல்ஸைக் கடந்த பிறகுதான் ஹேமர். பிளக்கும் டைல்ஸைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால் விரிசல் விடும்.

சீலிங் ஃபேனுக்குத் தளம் போடும்போதே பெட்டியும் கொக்கியும் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் இரும்பு ஃபாஸ்னர் கொக்கி, ஸ்பிரிங் வாஷர், மேலே ஒரு லாக் நட். 4, 5 கிலோதானே என்று நைலான் பிளக்கில் மாட்டினால், அது வருஷம் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து ஸ்க்ரூவைக் கழற்றிக்கொள்ளும்.

துரு

சாரல் ஊரில் இதைப் பேசாமல் முடிக்க முடியாது. மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளபளக்கும் சாதாரண ஃபாஸ்னரில் இருப்பது மின்முலாம், 5 மைக்ரான் பக்கம் துத்தநாகம். வீட்டுக்குள் அது பல வருஷம் வரும். வெளியில், குற்றாலத்துச் சாரல் தினமும் நனைத்து நனைத்துக் காயாத இடத்தில், இரண்டாவது சீசனிலேயே பழுப்புக் கோடு இறங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே துரு ஏறிய போல்ட் கான்கிரீட்டைத் தானே பிளக்கும். வெளி வேலைக்கு ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) கேளுங்கள். பூச்சு மங்கலாக, கரடுமுரடாக இருக்கும், மின்முலாமைவிடப் பல மடங்கு தடிமன். இல்லாவிட்டால் 304 ஸ்டெயின்லெஸ். கொல்லம், குளச்சல் மாதிரி கடல் உப்புக் காற்று அடிக்கும் இடம் என்றால் 316. ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் மரையில் பற்றிக்கொண்டு முன்னும் போகாது, பின்னும் வராது. ஒரு துளி கிரீஸ் தடவி மெதுவாக ஏற்றுங்கள். கடையில் ஸ்டீல் என்று கொடுப்பதைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை, டக்கென்று ஒட்டினால் அது 304 இல்லை.

மாட்டிய மறுநாள் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை, வைகாசிக் கடைசியில், காற்று எழும்புவதற்கு முன். நட்டுக்குக் கீழே சுவரில் பழுப்புக் கண்ணீர் வழிந்திருந்தாலோ, வாஷரை விரலால் திருப்ப முடிந்தாலோ அந்த போல்ட்டை மாற்றிவிடுங்கள். 13-ம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை ஏணியோடு கயிற்றில் கட்டியே வைத்துவிட்டால் தேடும் வேலை இல்லை.